ஓடாத காரும் உடைந்த வண்டிலும்

கொழும்பிலே எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறியவர்; பிறருக்குத் தீங்கு நினையாதவர்; வீண் செலவு செய்யாதவர். அவருக்குள்ள ஒரே பலவீனம் பழைய விளையாட்டுப் பொருள்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகளாக அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, வீட்டு மண்டபத்திலே சுவரின் நீளத்துக்கு நிற்கும் கண்ணாடி அலுமாரியொன்றில் அடுக்கி வைத்திருக்கிறார். யப்பானியத் தகரக் கார்கள், இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட சின்னஞ்சிறு லொறிகள், செலுலோயிட் பாவைப்பிள்ளைகள், ஜெர்மானியப் புகைவண்டி ஒன்று, இவையெல்லாம் அங்கே நிரை நிரையாக நிற்கின்றன. பலவற்றின் பின்னால், அவை கடையில் விற்கப்பட்டபோது இருந்த கடதாசிப் பெட்டியும் பத்திரமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு நான் அங்கே போயிருந்த வேளை அவருடைய பேத்தியும் வந்திருந்தாள். ஐந்து வயதிருக்கும். அலுமாரிக் கண்ணாடியிலே மூக்கை அழுத்தியவாறு நெடுநேரம் நின்றவள், சிவப்பு நிறத் தகரக் கார் ஒன்றைச் சுட்டிக்காட்டி, "அப்பப்பா, உது ஓடுமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது பிள்ளை. நான் முறுக்கிப் பார்த்ததில்லை" என்றார் நண்பர்.

அவர் உண்மையையே சொன்னார். திறப்பை முறுக்கினால் உள்ளேயிருக்கும் சுருள்வில் அறுந்துபோகலாம். நிலத்தில் ஓடவிட்டால் வர்ணம் உரசுப்படலாம். இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அதன் மதிப்புக் குறைந்துவிடும். ஆகவே அந்தக் கார் கடைப்பெட்டியிலிருந்து அலுமாரிக்கு வந்ததேயன்றி, நிலத்திலே ஓரடி தூரமேனும் ஓடியதில்லை. குழந்தை மறுவார்த்தை பேசாமல் முற்றத்துக்குப் போய்விட்டாள். நானோ நண்பரின் அந்த மறுமொழியைப் பற்றிப் பல நாள் சிந்தித்துக்கொண்டிருந்தேன். அச்சிந்தனையின் பயனே இக்கட்டுரை.

பழைய விளையாட்டுப் பொருள்களைச் சேர்ப்பதும் அவற்றைக் காட்சிக்கு வைப்பதும் வீண்வேலை என்று கூறுவது என் நோக்கமன்று. மன்னர் கட்டிய கோயிலையும் வெட்டிய குளத்தையும் கல்வெட்டுச் சொல்லும். அக்குளக்கரையில் குழந்தைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்பதைக் கல்வெட்டுச் சொல்லாது. மொகெஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட சுடுமண் வண்டில்களைக் காணும்போது, 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்கள் ஒரு கணம் நம் அயலவராகிவிடுகிறார்கள். எனவே சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. எதைச் சேர்ப்பது, எந்த அளவுகோலால் மதிப்பது என்பதே என் கேள்வி. விளையாடப்படாத பொருளை உயர்ந்ததென்றும், விளையாடித் தேய்ந்த பொருளைத் தாழ்ந்ததென்றும் கொள்ளும் அளவுகோல் பிழையானது. நாமும் அதனைக் கைக்கொள்வோமாயின், நம் நாட்டுக் குழந்தைகளின் வரலாற்றில் பெரும்பகுதி நம் கையைவிட்டுப் போய்விடும்.

விளையாட்டுப் பொருள் என்பது யாது? இதற்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலே தும்பிசேர் கீரன் என்னும் புலவர் தச்சன் செய்த சிறுதேரொன்றைக் காட்டுகிறார். அத்தேரில் ஏறி ஊர முடியாது. ஆயினும் சிறுவர்கள் அதனைக் கையால் இழுத்தே இன்பம் அடைகிறார்கள் என்கிறார். தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவனது நட்பினாலேயே எம் தலைவி மகிழ்ந்திருக்கிறாள் என்று தோழி சொல்வதற்கு இது உவமை. உவமையின் நயம் ஒருபுறமிருக்க, விளையாட்டுப் பொருளுக்கு இதனினும் செவ்விய இலக்கணம் உண்டோ என்று நான் ஐயுறுகிறேன். இன்பம் தேரில் மட்டும் இல்லை. இழுக்கும் கையிலே இருக்கிறது. பட்டினப்பாலையிலும் குதிரை பூட்டாத முக்காற் சிறுதேரைச் சிறுவர் உருட்டி வருகின்றனர். காயவைத்த உணவைக் கவரும் கோழியை மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்து ஓட்ட, அந்தக் கனத்த குழை வழியிலே கிடந்து சிறுதேரைத் தடுக்கிறது. பட்டினத்தின் செல்வத்தைப் பாடவந்த புலவர், தேரை ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேதான் காட்டினார். பிள்ளைத்தமிழ் பாடியோரும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஈற்றிலே சிறுபறை முழக்கலையும் சிறுதேர் உருட்டலையும் வைத்தார்களேயன்றி, பறையையும் தேரையும் பெட்டியில் இட்டு வைப்பதைப் பாடவில்லை.

இனி இன்றைய சேகரிப்போரின் அளவுகோலைப் பார்ப்போம். ஏல விற்பனைகளிலே பழுதில்லாத பொருளுக்கு ஒரு விலை. அதனோடு அதன் பெட்டியும் இருந்தால் மற்றொரு விலை. சில வேளைகளில் வெறும் பெட்டிக்கே தனி விலை உண்டு. பொருளியல் முறையில் இது விளங்கக்கூடியதே. குழந்தைகள் பெட்டியை முதல் நாளே கிழித்துவிடுவார்கள்; ஆகவே கிழியாத பெட்டி அரிது; அரியது விலையுயர்ந்தது. ஆனால் அந்தப் பெட்டி கிழியாதிருந்ததன் காரணம் யாது? அந்தப் பொருள் குழந்தையின் கைக்கு எட்டவில்லை, அல்லது குழந்தை அதனை விரும்பவில்லை. ஆகவே இவ்வளவுகோல், விளையாட்டுப் பொருள்களுள்ளே தன் தொழிலைச் செய்யாதவற்றையே பொறுக்கியெடுத்துப் பரிசளிக்கிறது எனலாம்.

என் நண்பரின் யப்பானியத் தகரக் கார்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1945இல் போர் ஓய்ந்தபோது யப்பானிலே தகரமும் இல்லை, பணமும் இல்லை. அவ்வாண்டின் இறுதியிலே ஒற்சு என்னும் ஊரில் கொசுகே என்பவர், ஆக்கிரமித்திருந்த அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த தகரப் பேணிகளைத் தட்டி நிமிர்த்தி, அப்படையினர் ஓட்டிய ஜீப் வண்டியைப் போலவே சிறு ஜீப் ஒன்றைச் செய்தார். அது கியோத்தோவில் விற்பனைக்கு வந்தது. சாம்பல் மேட்டிலிருந்து எழுந்த குழந்தைகளுக்கு, வென்றவர்களின் குப்பையிலிருந்து பிறந்த விளையாட்டுப் பொருள் அது. பின்னர் இத்தொழில் வளர்ந்து, 1947 முதல் 1952 வரை 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் செய்தது' என்ற பொருள்படும் முத்திரையோடு ஏற்றுமதி நடந்தது. நெளிந்து, துருவேறி, வர்ணம் இழந்த தகரக் காரொன்று இவ்வரலாற்றை நமக்குச் சொல்லும். பெட்டியிலிருந்து வெளிவராத கார் அதன் விலையை மட்டுமே சொல்லும்.

பூட்டி வைப்பதனால் எல்லாம் நிலைத்துவிடும் என்பதும் உண்மையன்று. செலுலோயிட் பாவைகள் எளிதில் தீப்பற்றக்கூடியவை; அன்றியும் காலப்போக்கில் தாமே சிதைந்து, அமிலத் தன்மையுள்ள ஆவியை வெளிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பொருள்களையும் கெடுப்பவை. காற்றோட்டமில்லாத அலுமாரி அவற்றுக்குப் பகை. இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தில் நாகக் கலவையால் வார்க்கப்பட்ட சிறு வண்டிகள் பலவற்றில், கலவையிலே ஈயம் கலந்துவிட்ட குற்றத்தினால், ஒருவர் கையும் படாதிருக்கவே வெடிப்புகள் தோன்றி, ஈற்றில் அவை பொடியாகிவிடுகின்றன. கை பட்டுத் தேய்வது ஓரழிவு. கை படாமலே பொடிவது மற்றோரழிவு. முன்னையதனால் ஒரு குழந்தை மகிழ்ந்தது என்ற ஆறுதலேனும் எஞ்சுகிறது.

மேனாட்டு நூதனசாலைகள் இவ்வுண்மையை மெல்ல மெல்ல உணர்ந்து வந்திருக்கின்றன. எடின்பரோ நகரிலே 1955இல் பற்றிக் மறே என்னும் நகரசபை உறுப்பினர் குழந்தைப் பருவத்துக்கென ஒரு நூதனசாலையைத் தொடக்கினார். அங்குள்ள பாவைகளுள்ளே எட்வேட் லவெற் என்னும் நாட்டார் வழக்காற்று ஆர்வலர் சேகரித்தவை சில. அவர் வங்கி ஊழியர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் ஏழைத் தெருக்களிலே அலைந்து, செல்வர் வீட்டுப் பாவைகளை விட்டு, குப்பத்துக் குழந்தைகளின் பாவைகளைத் தேடியவர். அவற்றுள் ஒன்று பழைய சப்பாத்தின் அடிப்பாகம். அதற்குத் துணி சுற்றி ஆடையாக்கி, அதனைப் பிள்ளையென்று மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறது ஒரு குழந்தை. மெழுகு முகமும் பட்டுச் சட்டையும் உடைய பாவைகளை எத்தனையோ சாலைகளில் காணலாம். அவற்றைப் பார்த்தவர் மறந்துபோகக்கூடும். சப்பாத்துப் பாவையைப் பார்த்தவர் மறப்பது அரிது.

ஐக்கிய அமெரிக்காவில் றொச்செஸ்டர் நகரத்து ஸ்ரோங் நூதனசாலை இன்னும் ஒருபடி மேலே சென்றது. கொடாக் நிறுவனத்தின் பங்குகளால் செல்வம் பெற்ற குடும்பத்திலே பிறந்த மாகிரட் வுட்பரி ஸ்ரோங் என்ற அம்மையார் வாழ்நாள் முழுதும் பாவைகளைச் சேர்த்து, 1969இல் மறைந்தார். அவருடைய சேகரிப்பைக் கொண்டு 1982இல் அச்சாலை திறக்கப்பட்டது. சிறந்த விளையாட்டுப் பொருள்களை ஆண்டுதோறும் தேர்ந்து கௌரவிக்கும் மண்டபமொன்றும் அங்கே இருக்கிறது. 2005ஆம் ஆண்டு அதில் இடம்பெற்றது வெறும் மட்டைப்பெட்டி. 2008இல் இடம்பெற்றது ஒரு தடி. ஆம், மரத்திலிருந்து ஒடித்த தடி! இதனைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் வேலிக் கதியாலை முறித்துக் குதிரையாகவும் வாளாகவும் மாட்டுக்காரன் கோலாகவும் ஒரே நாளில் மாற்றிக்கொண்ட எங்கள் தலைமுறையில் எவரும் சிரிக்கமாட்டார். இலண்டன் பெத்னல் கிறீனில் 1974 முதல் குழந்தைப் பருவ நூதனசாலை என வழங்கிய சாலையும் 2023இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது, குழந்தைகள் தொட்டும் செய்தும் விளையாடத்தக்க இடங்களுக்கு முதன்மை கொடுத்தது.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள். நம் நிலை யாது? இதனை நான் நேரிலே அறிய நேர்ந்தது, வடமராட்சியில் உள்ள ஒரு கிராமப் பாடசாலையின் பொருட்காட்சியிலே. அங்கு ஆசிரியராகவிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பழைய விளையாட்டுப் பொருள்களுக்கென ஒரு வகுப்பறையை ஒதுக்கி, என்னை அதற்குப் பொறுப்பாக இருக்கும்படி கேட்டார். ஊரவரிடம் கேட்டு வாங்கியவை ஏறக்குறைய 40 பொருள்கள். மலாயாவிலிருந்து பென்சன் பெற்று வந்தோர் கொணர்ந்த சிங்கப்பூர்ப் பாவைகள், தகரப் புகைவண்டி, கண்ணாடிப் போளைகள், பித்தளைச் செப்புச் சாமான் ஒரு தொகுதி. எல்லாம் நல்ல பொருள்கள். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. மேசையில் அடுக்கியபின் நான் தூர நின்று பார்த்தேன். அவ்வூரிலே நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் விளையாடிய ஒரு பொருளேனும் அங்கே இல்லை!

நுங்குக் கோம்பை இரண்டைத் தடியிலே கோத்து, கவர்த்தடியால் தள்ளி ஓட்டிய வண்டில் எங்கே? குரும்பட்டியிலும் ஈர்க்கிலும் கட்டி, ஒழுங்கை நீளத்துக்கு வடம்பிடித்து இழுத்த தேர் எங்கே? உள்ளே சிறுகல்லை இட்டுப் பின்னிய பனையோலைக் கிலுகிலுப்பை எங்கே? முள்ளிலே குத்திக் காற்றுக்கு எதிரே பிடித்து ஓடிய ஓலைக் காற்றாடி எங்கே? பூவரசம் இலையைச் சுருட்டி ஊதிய குழல் எங்கே? இவற்றை ஏன் எவரும் கொண்டுவரவில்லை என்று கேட்டபோது ஒரு தாயார், "அதுகளை ஆர் மாஸ்ரர் எடுத்து வைக்கிறது? பிஞ்சுபோனா அடுப்புக்குள்ளதானே" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஓலை மூன்று மாதத்தில் வெளிறும்; பூச்சி அரிக்கும். நுங்குக் கோம்பை சில நாளிலே சுருங்கிவிடும். அதற்குமுன் மாடு தின்றுவிடும். குரும்பட்டித் தேர் திருவிழா முடியுமுன்பே கழன்றுபோகும். தகரமும் பித்தளையும் நிலைத்தன. ஓலையும் ஈர்க்கும் நிலைக்கவில்லை. வாங்கியவை எஞ்சின, செய்தவை எஞ்சவில்லை. ஐம்பது ஆண்டுகளின்பின் ஓர் ஆராய்ச்சியாளர் நம் வீடுகளில் எஞ்சியவற்றை மட்டும் பார்த்து வரலாறு எழுதுவாராயின், யாழ்ப்பாணத்துக் குழந்தைகள் சிங்கப்பூர்ப் பாவைகளோடு விளையாடினார்கள் என்றே எழுதுவார். அவர்மீது குற்றமில்லை.

பொருட்காட்சியின் இரண்டாம் நாள் பெண்ணொருத்தி சிறு தகரக் கார் ஒன்றைக் கொண்டுவந்தாள். கூரை நசுங்கியிருந்தது, முன் சில்லு ஒன்று இல்லை, வர்ணம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அது முதலில் அவளுடைய தகப்பனாரின் விளையாட்டுச் சாமான், பிறகு தம்பியினது. 1995 ஒக்ரோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஒரே இரவில் பெயர்ந்து நடந்தபோது, இக்குடும்பமும் கைக்கு அகப்பட்டவற்றோடு நடந்தது. ஆறு வயதுத் தம்பி தன் காற்சட்டைப் பையிலே இதனைக் கொண்டுவந்திருக்கிறான். சனநெரிசலிலே எங்கோ சில்லு விழுந்துவிட்டது. சாவகச்சேரி சென்றபின், மூன்று சில்லோடு அதனை அவன் திண்ணையிலே ஓட்டினான். அவன் இப்போது இல்லை. அதற்குமேல் அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. மேசையின் நடுவிலே அதனை வைத்தேன்.

அன்று பிற்பகல் என் கொழும்பு நண்பர், நல்லூருக்கு வந்தவர், என் அழைப்பின்பேரில் அங்கும் வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர் இந்தக் காரைக் கையிலெடுத்து, அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, "நல்ல சாமான்தான். ஆனால் சில்லும் இல்லை, பெட்டியும் இல்லை. இதற்குப் பெறுமதி இல்லை" என்றார். அவருக்கு அதன் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வாறு கூறியிருக்கமாட்டார், அவர் இரக்கமற்றவரல்லர். ஆனால் நான் கண்டிக்கும் அளவுகோல் இதுவே. கதையைக் கேளாமலே பெறுமதியைச் சொல்ல இடந்தரும் அளவுகோல் அது.

வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தின் பெயரே சிறு மண்வண்டில் என்று பொருள்படும். வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டிலோடு விளையாடியபின், பணிப்பெண் செய்து கொடுத்த மண்வண்டிலை வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அம்மண்வண்டிலை நிரப்பி, பொன்வண்டில் செய்துகொள்ளச் சொல்கிறாள். அந்நாடகத்திலே பொன்வண்டில் எங்கும் பெரிதாகப் பேசப்படவில்லை. கதையைத் தாங்குவதும், நாடகத்துக்குப் பெயர் தருவதும் மண்வண்டிலே. நூதனசாலை அமைப்போரும் சேகரிப்போரும் இதனை நினைவிற்கொள்வது நன்று.

இங்கே ஒரு தடை எழலாம். "எல்லாவற்றையும் தொடவிட்டால் எதுவும் மிஞ்சாதே; கண்ணாடி இல்லாமல் நூதனசாலை ஏது?" என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. பழைய பொருள்களின் வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அவற்றைக் குழந்தைகளின் கையில் கொடுப்பது நஞ்சைக் கொடுப்பதாகும். ஓலைப் பொருள்களையும் வெயில் படாத, ஈரலிப்பில்லாத இடத்திலே வைத்தாலன்றிப் பேண முடியாது. ஆகவே கண்ணாடியை உடைக்கும்படி நான் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியேயும் ஏதேனும் இருக்கவேண்டும் என்றே சொல்கிறேன்.

பொருட்காட்சியின் மூன்றாம் நாள் நாங்கள் செய்தது இதுதான். ஊரிலே ஓலை வேலை தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்துவந்து வகுப்பறை வாயிலில் பாய் விரித்து இருத்தினோம். பக்கத்தில் குருத்தோலைக் கட்டு ஒன்று. அவர் பேசிக்கொண்டே பின்னினார். பிள்ளைகள் சுற்றியிருந்து பார்த்தார்கள். சற்றுநேரத்தில் தாங்களும் பின்னத் தொடங்கினார்கள். முதற் கிலுகிலுப்பை எவருக்கும் ஒழுங்காக வரவில்லை. மாலையிலே ஏழெட்டுப் பேருக்கு வந்துவிட்டது. அழியும் பொருளைப் பேணும் வழி அதனைத் திரும்பத் திரும்பச் செய்வதே. ஓலையைக் காப்பாற்ற முடியாது, பின்னலைக் காப்பாற்றலாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் அலுமாரி போதும். அதிலே வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டு வேண்டும்: செய்தவர் யார், விளையாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எவ்வாறு பழுதானது. பழுதை மறைக்கவோ புதுவர்ணம் பூசவோ வேண்டாம். அழியும் பொருளாயின், செய்முறையைப் படத்தோடு எழுதி வைக்கவேண்டும். ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, ஒன்றை அலுமாரிக்கும் மற்றொன்றைப் பிள்ளைகளின் கைக்கும் கொடுக்கவேண்டும். செய்யத் தெரிந்த முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு மாணவரினும் தகுந்தோர் இல்லை. தில்லியிலே கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர், 1965இல் திறந்த பாவை நூதனசாலையின் தொடக்கம், ஹங்கேரித் தூதுவர் கொடுத்த ஒரே ஒரு பாவை. எங்கள் பாடசாலை அலுமாரி ஒரு கிலுகிலுப்பையோடு தொடங்கலாம்.

நண்பரைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். அந்தத் தகரக் காரின் கதையை அன்றிரவு அவருக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தம் அலுமாரியிலே யாழ்ப்பாணத்துப் பொருள் ஒன்றும் இல்லையென்றும், அந்த முதியவர் பின்னிய கிலுகிலுப்பை ஒன்று அனுப்பமுடியுமா என்றும் கேட்டிருந்தார். நான் இரண்டு அனுப்பினேன். ஒன்று அலுமாரிக்கு; மற்றது அவர் பேத்திக்கு என்று மேலே எழுதியிருந்தேன்.